ஊறினால் ஒரிஜினல்!

ஜெய்ப்பூர் ஜோஹ்ரி பஜாருக்குப் போகிறீர்களா? பர்ஸ் பத்திரம்! கடைக்குக் கடை ‘ஃபிரோஸா’ மாலை கண்ணைப் பறிக்கும். ஃபிரோஸா என்றால் டர்க்காய்ஸ் கல்.

பக்கத்துச் சந்தில் பட்டறை வைத்திருப்பவர் எதையும் மறைக்கவில்லை. கையில் ஒரு வெள்ளைக் கல்லைக் கொடுத்தார். பெயர் ஹவ்லைட். 1868-ல் கனடாவில் ஹென்றி ஹவ் கண்டறிந்தது. கறுப்பு நரம்புகள் கல்லிலேயே இருப்பதால் பாதி வேலை மிச்சம். நுண்துளைகள் வழியாக, சாம்பாரில் போட்ட இட்லி மாதிரி நீலச் சாயத்தைக் குடித்துவிடுகிறது. காயவைத்து மெழுகு தேய்த்தால் பளபளப்பு. ‘பாட்டி காலத்து’ மாலை வேண்டுமா? கறுப்பு ஷூ பாலிஷ் தடவித் துடைத்தால் போச்சு. கீறலில் மட்டும் அழுக்கு தங்கி, நூறு வயசு கூடிவிடும்!

“இது ஏமாத்து இல்லையா, பாய் சாப்?”

“சாயக்கல்லுன்னு சொல்லித்தான் விக்கிறேன். கை மாறி மாறிப் போனா அது ஈரான் கல்லாயிடுது. நான் என்ன பண்ண?” என்று நீல விரல்களை விரித்தார்.

நியாயம்தான். ஆனால் முன்கடையில் புது மாப்பிள்ளை ஒருவர், மனைவி பார்க்க, நோட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாரே!

மணியின் துளைக்குள் பாருங்கள். வெள்ளை தெரிந்தால் சாயம். நெயில் பாலிஷ் ரிமூவர் நனைத்த பஞ்சால் துளையோரம் தேயுங்கள். பஞ்சு நீலமானாலும் சாயம்தான். எதுவும் கைவசம் இல்லையா? “இயற்கை ஃபிரோஸான்னு பில்லில் எழுதிக் கொடுங்க” என்று கேளுங்கள். விலை இறங்குகிற வேகத்தைப் பாருங்கள்!