மூட்டு நீங்கிய பின்னும் நடை உண்டு



ஒருவருக்கு இடுப்பு மூட்டையே எடுத்துவிட்டார்கள் என்று கேட்டவுடன், "இனி அவர் படுக்கையோடுதான்" என்று முடிவுகட்டிவிடுவது நம் வழக்கம். அம்மூட்டு இல்லாமலேயே மூன்று ஆண்டுகளாகப் பீடத்தில் நின்று திருப்பலி நிறைவேற்றி வருகிறவன் என்ற முறையில், இதுபற்றிச் சில சொல்ல விழைகிறேன்.

கீழே விழுந்து தொடையெலும்பின் கழுத்து முறிந்ததால் எனக்கு உலோக மூட்டு பொருத்தினார்கள். சில திங்களில் அதைச் சுற்றிச் சீழ் கண்டது. கிருமிகள் உலோகத்தின்மேல் பசைபோன்ற படலம் அமைத்து அதனுள் பதுங்கிக்கொள்வதால் மருந்து அவற்றை அழிக்க இயலுவதில்லை. ஆகவே உலோகத்தை அகற்றினார்கள். கிருமி ஒழிந்தபின் புது மூட்டு வைப்பதும் உண்டு. என் எலும்பு அதற்குத் தாங்காது என்று விட்டுவிட்டார்கள்.

இவ்வாறு மூட்டை நீக்குவதற்குக் கேர்டில்ஸ்டோன் அறுவை என்று பெயர். 1937-இல் ஆக்ஸ்ஃபோர்டில் பிரிட்டனின் முதல் எலும்பு மருத்துவப் பேராசிரியராகப் பொறுப்பேற்ற கேதோர்ன் கேர்டில்ஸ்டோன், சீழ்பிடித்த இடுப்புகளுக்கு இம்முறையை 1943-இல் விளக்கி எழுதினார். 1962-இல் ஜான் சார்ன்லி உலோகமும் பிளாஸ்டிக்கும் இணைந்த செயற்கை மூட்டை நிலைநாட்டியபின், இது இறுதிப் புகலிடமாயிற்று.

எலும்பின் தலை நீங்கிய இடத்தில் நாளடைவில் நார்த்திசு வளர்ந்து மெத்தைபோல் அமைகிறது. வலி பெரிதும் தணிகிறது. ஆயினும் கால் குட்டையாகிறது. எனக்கு 4 சென்டிமீட்டர். இடுப்புத் தசைகள் பிடிமானம் இழப்பதால் ஒவ்வோர் அடியிலும் உடல் சாய்கிறது; விரைவில் களைப்பு வருகிறது. செங்கல்பட்டில் செருப்புத் தைக்கும் அன்பர் ஒருவர் அடித்தோலை உயர்த்தித் தந்தார். ஊன்றுகோலை நோயுற்ற பக்கத்துக்கு எதிர்க்கையில் பிடிக்கவேண்டும் என்பதையும் கற்றேன். அப்போதுதான் அக்காலில் நிற்கும் கணத்தில் கோல் பாரத்தைப் பகிர்ந்துகொள்கிறது.

நம் நாட்டவருக்கு இதில் ஒரு நன்மையும் உண்டு. உலோக மூட்டு நழுவிவிடும் என்று அஞ்சி, சம்மணமிடுவதையும் குந்துவதையும் மருத்துவர்கள் பொதுவாகத் தடுப்பார்கள். மூட்டு நீங்கியவர்களில் பலருக்கோ இவ்விரண்டும் கூடும். தரையில் அமர்ந்து உண்டு, தரையில் அமர்ந்தே உழைக்கும் மக்களுக்கு இது சிறிய பேறன்று.

மாமல்லபுரம் கரையோரத்துப் பெரியவர் ஒருவர், சீழ் வடிய வடிய, மாதக்கணக்கில் இவ்வறுவைக்கு இசையாதிருந்தார். அவருடைய மகள் அழைத்ததால் சென்றேன். "சாமி, எலும்பை எடுத்துட்டா வலை பின்ன உக்கார முடியுமா?" என்பதே அவர் கேட்ட ஒரே கேள்வி. பாய் விரிக்கச் சொல்லி, அவர்முன் சம்மணமிட்டு அமர்ந்தேன். நெடுநேரம் என் காலையே பார்த்திருந்தவர், "எப்போ போகலாம், சாமி?" என்றார். இன்று அவரால் படகேற இயலாது; அதில் அவருக்கு வருத்தம் உண்டு. ஆனால் சீழ் இல்லை, இரவில் உறக்கம் உண்டு, கொட்டகை நிழலில் கால்மடித்து அமர்ந்து வலை பழுதுபார்க்கிறார்.

யாபோக்கு ஆற்றங்கரையில் தொடைச்சந்து நழுவிய யாக்கோபு, நொண்டிக்கொண்டே தம் சகோதரர் ஏசாவைச் சந்திக்கச் சென்றார். உறவை நாடிய அப்பயணத்தை அவர் கைவிடவில்லை.

உங்கள் இல்லத்தில் இத்தகையோர் இருந்தால், அன்பு மிகுதியால் படுக்கையிலேயே இருத்திவிடாதீர்கள். மருத்துவர் சொன்ன பயிற்சியை நாள்தோறும் செய்யத் துணைநில்லுங்கள். குளியலறையில் கைப்பிடி பொருத்துங்கள். ஈரத்தை உடனே துடையுங்கள். நடை கோணுகிறதே என்று கூசிக் கோவிலுக்கு வராதிருப்போரைக் கைபிடித்து அழைத்து வாருங்கள். முழந்தாளிட இயலாத உங்கள் பங்குக்குருவும் தலைவணங்கித்தான் ஆண்டவரை ஆராதிக்கிறேன். அவர்களுக்கென முன்வரிசையில் நாற்காலிகள் போட்டு வைத்திருக்கிறோம்.