எண்ணப்படாத குழியங்கள்

இலக்கங்களோடு வாழும் தொழில் எமது தொழில். தவணைதோறும் விடைத்தாள்களைத் திருத்துகிறோம், புள்ளியிடுகிறோம், கூட்டிச் சராசரி காண்கிறோம். ஒரு பிள்ளையின் ஓராண்டு உழைப்பை 38 என்றோ 74 என்றோ ஓர் இலக்கத்துள் அடக்கிப் பெற்றோருக்கு அனுப்பிவிடுகிறோம். அந்த இலக்கம் எவ்வாறு பிறந்தது என்று எம்மிடம் வந்து கேட்ட பெற்றோர் மிகச் சிலரே. அச்சில் வந்துவிட்ட இலக்கத்துக்கு நம்மவர் கொடுக்கும் மதிப்பு அத்தகையது. அந்த மதிப்பு ஓர் ஏழைக் குடும்பத்தை எப்படி உலுக்கிவிடும் என்பதை 2023 மார்கழியில் நாம் நேரிற் கண்டோம்.

அந்த மாரியில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே டெங்குக் காய்ச்சல் கடுமையாகப் பரவியிருந்தது. 2017இல் நாடு முழுவதிலும் 1,86,000 பேருக்கு மேல் இந்நோய்க்கு ஆளானதையும், 400 பேருக்கு மேல் மாண்டதையும் சனங்கள் மறந்திருக்கவில்லை. தை 4ஆம் திகதி உயர்தரப் பரீட்சை தொடங்கவிருந்தது. அதற்கு இரு வாரங்களே இருந்த வேளையில் எம்மிடம் தமிழ் கற்ற மாணவன் ஒருவனுக்குக் காய்ச்சல் கண்டது. தகப்பனார் கூலிக்குத் தோட்டவேலை செய்பவர். சந்தையடியிலிருந்த தனியார் பரிசோதனைக்கூடம் ஒன்றிலே மகனின் குருதியைக் கொடுத்துவிட்டு, மாலையிற் கிடைத்த தாளோடு எமது படலையடியில் வந்து நின்றார்.

"மாஸ்ரர், பொடியனுக்குப் பிளேட்லெட் நாப்பத்திரண்டாயிரமாம். ஒண்டரை லட்சத்துக்கு மேல இருக்கோணும் எண்டு சொல்லுகினம். உயிருக்கு மோசமோ?"

பல்கலைக்கழகத்தில் நாம் கற்றது தமிழ். தொல்காப்பியச் சூத்திரத்துக்கு உரை சொல்ல வருமேயன்றி, அந்தத் தாளுக்கு உரை சொல்ல எமக்கு வரவில்லை. அவரோ மனைவியின் தோட்டை ஏற்கெனவே அடகு வைத்துவிட்டே வந்திருந்தார். அன்றிரவே பையனைத் தனியார் வைத்தியசாலை ஒன்றிற் சேர்த்தோம். நாமும் உடன் சென்றோம். அங்கும் குருதி எடுத்தார்கள், அங்கும் ஒரு பொறி எண்ணியது, 39,000 என்றது. இரு பொறிகள் ஒத்துச் சொன்ன பின்னர் ஐயுறுவதற்கு நாம் யார்? விடியுமுன் தோட்டின் காசு முழுவதும் தீர்ந்துவிட்டது. காலையில் பையனை அரசினர் வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றோம்.

அங்கே இருந்த இளம் வைத்தியர் தாளைப் பார்ப்பதற்கு முன்னர் பிள்ளையைப் பார்த்தார். வயிற்றை அழுத்தினார், நாடியும் குருதியழுத்தமும் பார்த்தார், எங்கேனும் இரத்தக்கசிவு உண்டா என்று கேட்டார். டெங்குவில் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் சிறுதட்டுக் குறைவால் மாத்திரம் வருவதன்று. நாளங்களிலிருந்து நீர்ப்பாகம் வெளியே கசிந்து, எஞ்சிய குருதி தடிப்பதால் வருவது என்றும், குருதியிற் செங்குழியங்கள் அடைத்திருக்கும் பங்கு உயர்கிறதா என்பதையே தாம் கவனிப்பதாகவும் விளக்கினார். இலக்கம் குறைந்தது என்பதற்காக மட்டும் சிறுதட்டு ஏற்றுவதில்லை என்பதும் அவரிடமே நாம் அறிந்தது. "இந்தப் பிள்ளையின்ர நிலைக்கும் இந்த இலக்கத்துக்கும் பொருத்தமில்லை" என்று சொல்லிக் குருதியை மீண்டும் சோதனைக்கு அனுப்பினார்.

ஆய்வுகூடத்தில் இருந்தவர் எமது பழைய மாணவி. பொறி மூன்றாம் முறையும் ஏறத்தாழ அதே இலக்கத்தையே காட்டியது. அவர் அதனோடு நிற்கவில்லை. ஒரு துளிக் குருதியைக் கண்ணாடித் தட்டிலே மெல்லிய படலமாக இழுத்து, உலர்த்தி, சாயமிட்டு, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தார். சிறிது நேரத்தில் எம்மை அழைத்தார்.

"சேர், இதுக்குள்ள ஒருக்காப் பாருங்கோ."

இளஞ்சிவப்பு வட்டங்கள் எங்கும் பரந்து கிடந்தன. அவை செங்குழியங்கள். படலத்தின் ஓரத்திலே ஊதா நிறப் பொடிகள் இருபது முப்பதாகச் சேர்ந்து கொத்துக் கொத்தாக ஒட்டிக் கிடந்தன. அவையே சிறுதட்டுக்கள்.

"மிஷின் இந்தக் கொத்தைப் பிளேட்லெட்டெண்டு எடுக்காது, சேர். பெரிசாக் கிடக்கெல்லோ. பிள்ளையின்ர உடம்புக்குள்ள ஒண்டும் குறையேல்லை. குழாய்க்குள்ள வந்தாப்பிறகுதான் ஒட்டியிருக்கு."

குருதி உறையாதிருக்கச் சோதனைக் குழாயில் ஈ.டி.டி.ஏ. என்னும் பொருளை இடுவர். ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவரின் குருதியில், அப்பொருளைச் சேர்ந்ததுமே சிறுதட்டுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அது நோயன்று, குழாயினுள் மாத்திரம் நிகழ்வது. அவர் சோடியம் சித்திரேற்று இட்ட வேறொரு குழாயிற் புதிதாகக் குருதி எடுத்து எண்ணுவித்தார். 1,78,000 என்று வந்தது. சித்திரேற்றுக் கரைசல் குருதியைச் சிறிது ஐதாக்குவதால் அதனை 1.1 ஆற் பெருக்கவேண்டும். ஒரு கன மில்லிமீற்றரில் ஏறத்தாழ 1,96,000! டெங்குச் சோதனையிலும் நோய் காணப்படவில்லை. இரு நாளிற் காய்ச்சல் தணிந்தது.

பொறி பொய் சொன்னதா? இவ்வினா எம்மை விடவில்லை. அது எவ்வாறு எண்ணுகிறது என்பதைத் தேடிப் படித்தோம்.

முன்னாளில் கோடு கீறிய கண்ணாடி அறையிலே ஐதாக்கிய குருதியை இட்டு, நுணுக்குக்காட்டியிற் கண் பதித்து, மனிதரே குழியங்களை ஒவ்வொன்றாக எண்ணினர். அமெரிக்கரான வொலஸ் கூல்டர் என்பார் இவ்வுழைப்பைப் பொறியிடம் ஒப்படைக்க வழி கண்டார். 1953இல் அதற்கு ஆக்கவுரிமை பெற்றார். அவர் கண்ட தத்துவம் எளியது. உப்புக் கரைசலில் ஐதாக்கிய குருதியை ஊசித்துளையினும் நுண்ணிய துளையொன்றினூடே செலுத்துவர். அத்துளையினூடே மின்னும் பாய்ந்துகொண்டிருக்கும். ஒரு குழியம் கடக்குந்தோறும் மின்தடை ஒரு கணம் உயரும். எத்தனை துடிப்புக்களோ அத்தனை குழியங்கள். துடிப்பு எவ்வளவு உயரமோ அவ்வளவு பெரியது குழியம். இன்று ஒளியைக் கொண்டு எண்ணும் பொறிகளும் உள. ஆயினும் சாதாரண ஆய்வுகூடங்கள் பலவற்றிற் சிறுதட்டை எண்ணும் அடிப்படை முறை இன்றும் இதுவே.

இதனால் விளைந்த நன்மையைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. 1907இல் டப்ளின் நகரத்து மதுவடிசாலையொன்றிற் பணியாற்றிய வில்லியம் கொசெற் என்பார், நொதியக் கலங்களை எண்ணுவதில் நேரும் வழுவைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் 'மாணவன்'. எண்ணிய தொகையின் வர்க்கமூலமளவு தடுமாற்றம் இயல்பாகவே நேரும் என்பது அத்தகைய கணிப்பின் சாரம். 100 குழியங்களை எண்ணினால் தடுமாற்றம் 10. அது நூற்றுக்குப் பத்து. 10,000 குழியங்களை எண்ணினால் 100. அது நூற்றுக்கு ஒன்றே. களைத்த கண்ணால் மனிதர் சில நூறு எண்ணும் நேரத்திற் பொறி பல்லாயிரம் எண்ணிவிடுகிறது. ஆகவே அதன் விடை ஆடுவதில்லை.

ஆனால், ஆடாத விடை சரியான விடைதான் என்று கொள்ளலாமா? ஒரு விடைத்தாளை மூன்று ஆசிரியர்கள் திருத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூவர் கையிலும் ஒரே பிழையான விடைக்குறிப்பு இருந்தால், மூவரும் ஒரே புள்ளியைத்தான் இடுவர். மாணவனுக்கு நீதி கிடைக்காது. பொறிக்குப் பருமன் ஒன்றே அடையாளம். ஒட்டிய சிறுதட்டுக் கொத்து அதற்குச் சிறுதட்டன்று. சிலவேளை வெண்குழியமாகவும் தோன்றும். நோயினால் மிகப் பெருத்த சிறுதட்டும் கணக்கிலிருந்து தவறும். இதற்கு மாறாக, மிகச் சிறுத்த செங்குழியமும் உடைந்த செங்குழியத் துண்டும் சிறுதட்டாக எண்ணப்படலாம். அப்போது உண்மையான குறைவு மறைந்துபோகும். எமது மாணவனுக்கு நேர்ந்ததிலும் பார்க்க இது கொடியது. அங்கே வீண் அச்சம் வந்தது, இங்கே வரவேண்டிய அச்சம் வராது போய்விடும்.

இவை யாவும் துறையறிந்தோர் நன்கறிந்தவை, காவல்களும் உள. நாள்தோறும் அளவு தெரிந்த குருதியைப் பொறிக்குக் கொடுத்துச் சோதிக்கவேண்டும். ஈமோகுளோபினை மூன்றாற் பெருக்கினால் செங்குழியப் பங்கின் வீதம் ஏறத்தாழ வரவேண்டும்; வராவிடில் ஏனென்று தேடவேண்டும். எதிர்பாராத இலக்கம் வந்தால் படலம் இழுத்துக் கண்ணாற் பார்க்கவேண்டும். பொறியும் வாளாவிருப்பதில்லை. சந்தையடியிற் கிடைத்த தாளை எமது பழைய மாணவி மறுபடி விரித்துக் காட்டினார். பொறியிலிருந்து நேரே வந்த துண்டொன்று அதனோடு பிணைக்கப்பட்டிருந்தது. அதன் மூலையிலே, சிறிய ஆங்கில எழுத்தில், 'சிறுதட்டுத் திரளோ?' என்னும் பொருள்பட ஒரு குறிப்பு!

பொறி ஐயுற்றிருக்கிறது. அந்த ஐயத்தை ஏற்று நுணுக்குக்காட்டியருகே உட்கார ஓர் ஆள் அங்கே இல்லை. இருந்திருந்தாலும், வரிசையிற் காத்திருந்த நூறு குழாய்களுக்கிடையே அவருக்கு நேரம் இருந்திருக்குமா? பொறியை ஒருநாளில் விலைக்கு வாங்கலாம். படலத்தைப் படிக்கும் கண்ணை உருவாக்க ஆண்டுகள் செல்லும். அக்கண்ணுக்குக் கூலியும் கொடுக்கவேண்டும். இலாபக் கணக்கிலே முதலில் வெட்டப்படுவது அந்தக் கூலிதான். அரசினர் வைத்தியசாலையிலோ அக்கண் இருக்கிறது. ஆனால் ஓய்வின்றிச் சிவந்திருக்கிறது. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் சுகாதாரத் துறையினர் பலர் நாட்டைவிட்டுப் போயினர். எஞ்சியோர் தலையிலே போனவர்களின் சுமையும் ஏறியது.

பொறி வேண்டாம் என்பார் எவருமில்லை. பொறியின் ஐயத்துக்கு விடை சொல்லும் தொழிலாளியையும் பொறியோடு சேர்த்தே கேட்கவேண்டும் என்பதுதான் எமது வழக்கு. இலவச வைத்தியம் என்பது குருதியை இலவசமாக எடுப்பதோடு முடிவதன்று. எண்ணியதைச் சரிபார்க்கப் போதிய ஆட்களை வைத்திருப்பதும் அதனுள் அடங்கும். தனியார் கூடங்களுக்கும் இக்கடமையைச் சட்டமாக்கவேண்டும்.

மாணவன் பரீட்சை எழுதினான். முடிந்த பின்னர் எம்மைக் காண வந்தபோது கேட்டான்: "சேர், மிஷின் எண்ணினது பிழையோ, எண்ணாமல் விட்டதை ஆரும் பாராமல் விட்டது பிழையோ?"

நாம் விடை சொல்லவில்லை. அவனே அறிந்துதான் கேட்டான். அன்று மாலை, திருத்தி முடித்த விடைத்தாட் கட்டொன்றை மீண்டும் அவிழ்த்து, மிகக் குறைந்த புள்ளி பெற்ற ஐந்து தாள்களை முதலிலிருந்து வாசித்தோம். ஒன்றிலே, பின்பக்கத்தில் எழுதியிருந்த ஒரு விடையை நாம் பார்க்காமலே விட்டிருந்தோம்.

அவனுடைய தாயாரின் தோடு சித்திரையிலேதான் மீண்டது, வட்டியோடு.