கரணை வைக்காத தோல்

சூப்பர்கொலைடர் என்னும் ஒலி நிரலாக்க மென்பொருளுக்குத் தனியே கிடைக்கும் ப்ளக்-இன் தொகுப்பில் ‘மெம்பிரேன் சர்க்கிள்’ என்று ஒன்று இருக்கிறது. இழுத்துக் கட்டிய வட்டத் தோலைக் கணக்காக்கி, தட்டினால் அது எப்படி அதிருமோ அப்படி ஒலிக்க வைப்பது அதன் வேலை. தோலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கலாம். அதிர்வு எவ்வளவு விரைவில் அடங்க வேண்டும் என்றும் சொல்லலாம். அருமையான வேலைப்பாடு. ஆனால் மிருதங்கம் கேட்டு வளர்ந்த காது அதில் ஒன்றைத் தேடுகிறது. அதுதான் சுருதி.

காரணம் இயற்பியலில் இருக்கிறது. வெறும் வட்டத் தோலின் அதிர்வுகள் முழு எண் விகிதத்தில் அமைவதில்லை. அடிப்படை அதிர்வெண்ணை 1 என்று வைத்தால் அடுத்தவை 1.59, 2.14, 2.30 என்று போகும். அதனால் அடி கேட்கும், ஸ்வரம் நிற்காது. மிருதங்கத்தின் வலந்தலையில் கல் பொடியையும் சோற்றையும் பிசைந்து அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றும் கரணை இந்த விகிதங்களையே மாற்றிவிடுகிறது. இதை 1920இல் ‘நேச்சர்’ இதழில் எடுத்துச் சொன்னவர் சி.வி. ராமன். 1934இல் எழுதிய விரிவான கட்டுரையில், நடுவில் ஏறும் எடையால் தோலின் ஒன்பது அதிர்வு முறைகள் ஐந்து இசைவான சுரங்களாக வந்து சேர்வதை விளக்கினார். நம் வாத்தியம் செய்பவர்கள் கையாலும் காதாலும் கண்டறிந்த நுட்பம் அது.

அந்தக் கரணையை இந்த ப்ளக்-இன்னில் எங்கே வைப்பது? வெளியிலிருந்து மாற்றக்கூடிய எந்த எண்ணிலும் அதற்கு இடமில்லை. உள்ளே தோல் ஒரு முக்கோண வலையாக இருக்கிறது. அலைகள் முடிச்சிலிருந்து முடிச்சுக்குத் தாவுகின்றன. எல்லா முடிச்சும் ஒரே கனம். நடு முடிச்சுகளுக்கு மட்டும் கனம் ஏற்ற வேண்டுமானால் சி ப்ளஸ் ப்ளஸில் எழுதிய சோர்ஸ் கோடைத் திறந்து, திருத்தி, மறுபடியும் கம்பைல் செய்தாக வேண்டும், அதாவது இயங்கும் கோப்பாக மாற்றியாக வேண்டும். நான் கம்பைல் செய்யக் கற்றுக்கொண்டது இதற்காகத்தான்.

என் கணினி விண்டோஸ். என்னைச் சுற்றி ஒலித் தொழில்நுட்பம் பழகும் இளைஞர்கள் பலர் கையில் இருப்பதும் அதுதான். லினக்ஸில் கம்பைலரை ஒரே கட்டளையில் நிறுவிவிடலாம். விண்டோஸோ கம்பைலர் இல்லாமலேயே வருகிறது. விஷுவல் ஸ்டுடியோவின் சி ப்ளஸ் ப்ளஸ் கருவிகளை இறக்க வேண்டும்; அவை பல ஜிகாபைட். கட்டுமானத்தை ஒழுங்குபடுத்த ‘சிமேக்’கும், கோடை இறக்க ‘கிட்’டும் வேண்டும். ப்ளக்-இன்னின் கோடு மட்டும் போதாது; சூப்பர்கொலைடரின் சோர்ஸ் கோடும் பக்கத்தில் இருக்க வேண்டும், ஏனெனில் இரண்டும் பேசிக்கொள்ளும் விதிகள் அதன் ஹெடர் கோப்புகளில் இருக்கின்றன. நிறுவியிருக்கும் சூப்பர்கொலைடர் 64-பிட் என்றால் ப்ளக்-இன்னும் 64-பிட்டாகவே இருக்க வேண்டும். டீபக் முறையில் கட்டினால் ஓட்டம் மந்தமாகும். ரிலீஸ் முறையில் கட்டுவதே நல்லது.

கட்டி முடித்ததும் கிடைப்பது எஸ்சிஎக்ஸ் என்ற பின்னொட்டு கொண்ட கோப்பு. பெயர் எதுவானாலும் உள்ளுக்குள் அது விண்டோஸின் டிஎல்எல்தான், பிற நிரல்கள் ஏற்றிக்கொள்ளும் கோப்பு. அதோடு சூப்பர்கொலைடர் மொழியில் எழுதிய சிறு வகுப்புக் கோப்பும் சேர்ந்து எக்ஸ்டென்ஷன்ஸ் ஃபோல்டருக்குப் போக வேண்டும். முதலாவது ஒலியைக் கணக்கிடும் சர்வருக்கு. இரண்டாவது நாம் எழுதும் மொழிக்கு. வகுப்புக் கோப்பு மட்டும் இருந்தால் மொழி தலையாட்டும், சர்வர் ‘இந்த யூஜென் (ஒலி உறுப்பு) நிறுவப்படவில்லை’ என்று மறுக்கும். சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது பழைய எஸ்சிஎக்ஸ் கோப்பின் மேல் புதியதை எழுத விண்டோஸ் விடாது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் சர்வரை நிறுத்தி, கட்டி, மறுபடி கிளப்ப வேண்டும்.

டிஎல்எல் ஏறாமல் போகும்போது விண்டோஸ் தரும் செய்திகளைப் படிக்கத் தெரிவது தனிப் பயிற்சி. 126 என்ற பிழை ‘குறிப்பிட்ட மாட்யூல் கிடைக்கவில்லை’ என்கிறது. ஃபோல்டரைத் திறந்தால் கோப்பு கண்ணெதிரே இருக்கும். பெரும்பாலும் கிடைக்காமல் போனது அந்தக் கோப்பு அல்ல, அது நம்பியிருக்கும் இன்னொரு டிஎல்எல். விஷுவல் ஸ்டுடியோவோடு வரும் டம்ப்பின் என்ற கருவி, ஒரு கோப்பு யார் யாரை நம்பியிருக்கிறது என்று பட்டியல் போட்டுவிடும். கட்டிய கணினியில் ஓடும் ப்ளக்-இன் நண்பர் கணினியில் ஓடாததற்கும் பல வேளைகளில் இதுவே காரணம்: அங்கே விஷுவல் சி ப்ளஸ் ப்ளஸ் ரன்டைம் இருக்காது.

இவற்றையெல்லாம் வெறும் தடைகளாக நான் பார்க்கவில்லை. ஒவ்வொன்றும் ஓர் ஒப்பந்தத்தைக் காட்டுகிறது. சூப்பர்கொலைடர் ஒரு ப்ளக்-இன்னை ஏற்றும்போது, தன் செயற்கூறுகளின் முகவரிகள் அடங்கிய அட்டவணை ஒன்றை அதன் கையில் கொடுக்கிறது. அதற்கு முன், இரண்டும் ஒரே பதிப்பு விதிகளைப் பின்பற்றுகின்றனவா என்று சரிபார்க்கிறது. அதன்பின் ஒவ்வொரு முறையும் வழக்கமாக 64 சாம்பிள் கணக்கிட்டுத் தரச் சொல்லிக் கேட்கிறது. நொடிக்கு 44,100 சாம்பிள் என்றால் அந்த 64-க்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 1.45 மில்லிசெகண்ட். அதற்குள் முடிக்காவிட்டால் ஒலி வெட்டும். அதனால்தான் ஒலி ஓடும் இழையில் நினைவகத்தை வழக்கமான வழியில் கேட்கக் கூடாது. சர்வர் முன்கூட்டியே ஒதுக்கி வைத்திருப்பதிலிருந்து வாங்க வேண்டும். நடு முடிச்சுகளுக்குக் கனம் ஏற்றும் என் கணக்கும் இந்த நேரத்துக்குள் அடங்கியாக வேண்டும். தயாரான கோப்பை இறக்கிப் பயன்படுத்திய காலம்வரை இந்த விதிகள் எதுவும் எனக்குத் தெரியாது.

கனம் ஏற்றிய தோல் மிருதங்கமாகிவிடவில்லை. கட்டையும் வாரும் விரலும் அதில் இல்லை. ஆனாலும் அடிக்குப் பின்னால் ஒரு ஸ்வரம் எழுந்து நின்றது. அது போதும், இந்த உழைப்பு எதற்கு என்று எனக்கு விளங்க.

சிறு சிறு ஒலி உறுப்புகளை இணைத்து வாத்தியம் கட்டலாம் என்ற எண்ணத்தை பெல் ஆய்வகத்தில் மேக்ஸ் மேத்யூஸ் 1960 வாக்கிலேயே நடைமுறைக்குக் கொண்டுவந்தார். ஜேம்ஸ் மெக்கார்ட்னி 1996இல் வெளியிட்ட சூப்பர்கொலைடர் அந்த வழியில் வந்தது. 2002இல் ஜிபிஎல் உரிமத்தின் கீழ் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. அந்த உறுப்புகளை எழுதியவர்கள் தங்கள் காதுக்குப் பழகிய ஒலிகளை எழுதினார்கள். அது இயல்பு. கரணையை அவர்கள் எழுதித் தருவார்கள் என்று நாம் காத்திருப்பதுதான் இயல்பல்ல. கம்பைல் செய்யத் தெரியாதவரை பிறர் செய்த வாத்தியங்களை மட்டுமே வாசிக்க முடியும். தெரிந்துகொண்டால் நம்முடையதைச் சேர்க்கலாம்.

அப்படிச் சேர்ப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. விண்டோஸுக்குக் கட்டிய கோப்பையும் சேர்த்துக் கொடுங்கள். பல ஜிகாபைட் கருவிகளை இறக்க வசதியில்லாத மாணவருக்கு அந்தக் கோப்பு இல்லையென்றால் உங்கள் ஒலியே இல்லை. கூடவே சோர்ஸ் கோடையும், எந்தப் பதிப்போடு எப்படிக் கட்டினீர்கள் என்ற குறிப்பையும் வையுங்கள். சோர்ஸ் கோடு தருவது ஜிபிஎல் கேட்கும் கடமை. குறிப்பு எழுதுவது நம் பொறுப்பு. கோப்பு இருந்தால் இன்றைக்கு ஒருவர் வாசிப்பார். கோடும் குறிப்பும் இருந்தால் அவரே நாளை தவிலுக்கோ கடத்துக்கோ ஒன்றை எழுதத் தொடங்குவார்.