பித்தளை மூடி



என் பழைய பைக் சிக்னலில் நின்றாலே அணைந்துவிடும். ஐடிலிங்கைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்க்ரூவை யாரும் திருகிப் புகையைக் கூட்டிவிடக் கூடாதென்று, அதன்மேல் சின்னப் பித்தளை மூடியை அடித்தே அனுப்பியிருக்கிறார்கள். குறடு, சுத்தியல் எதற்கும் அது அசையவில்லை. மெக்கானிக்காக இருக்கும் என் மாணவனுக்குப் போன் செய்தேன்.

"கார்புரேட்டரைக் கழட்டிட்டு, மூடி நடுவுல சின்னதா ஓட்டை போடுங்க சார். தகடு மெல்லிசு, ஓட்டை விழுந்ததும் நிறுத்திடுங்க. அதுல ஒரு ஸ்க்ரூவை ஏத்தி, குறட்டால இழுங்க."

நான் நிறுத்தவில்லை. ட்ரில் உள்ளே இறங்கி மிக்சர் ஸ்க்ரூவின் தலையைப் பாதி தின்றுவிட்டது. "கேள்வியை முழுசாப் படி" என்று முப்பது வருடம் காதைத் திருகியவன் நான்!

மறுநாள் அவனே வந்தான். மூடியைப் பிடுங்கி, மிச்சமிருந்த வெட்டில் டிரைவரை வைத்து, ஸ்க்ரூவை உள்பக்கமாக மெதுவாகத் திருகிச் சுற்றுகளை வாய்விட்டு எண்ணினான். இரண்டேகால். புது ஸ்க்ரூவையும் முழுக்க மூடி, அதே இரண்டேகால் திறந்தான். இன்ஜின் சூடானதும் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுக் கால் சுற்று கூட்டினான்.

ஐந்தாம் வகுப்பில் பின்னக் கணக்கு வரவில்லை என்று அவனைப் பெஞ்ச்மேல் ஏற்றியிருக்கிறேன். ஞாபகம் இருக்கிறதா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. கூலியும் வாங்காமல் போய்விட்டான்.

நேற்று சிக்னலில் வண்டி அணையவில்லை.