பிரத்யேக கேம் மட்டும் கன்சோலை விற்றுவிடாது

எந்தக் கன்சோல் ஜெயிக்கும் என்ற பேச்சு வந்தாலே, யாரிடம் எத்தனை பிரத்யேக கேம் இருக்கிறது என்று பட்டியல் போட ஆரம்பித்துவிடுகிறோம். அந்தக் கணக்கு பாதிதான் சரி. நின்டெண்டோவையே எடுத்துக்கொள்ளுங்கள். 'மரியோ கார்ட் 8' 2014இல் வீ யூவில் வந்தது. அருமையான கேம், அப்போது வேறு எந்தக் கன்சோலிலும் கிடைக்காது. ஆனாலும் வீ யூ மொத்தமே சுமார் 1.35 கோடிதான் விற்றது. அதே கேம் சில கூடுதல் அம்சங்களோடு 2017இல் ஸ்விட்சுக்கு வந்து, 6 கோடிப் பிரதிகளைத் தாண்டியது. வீ யூவின் பெயரையும் அதன் தொடுதிரை கன்ட்ரோலரையும் பார்த்த பலர், அது பழைய 'வீ' கன்சோலுக்கான துணைக்கருவி என்றே நினைத்துவிட்டார்கள். ஸ்விட்சோ டிவியிலும் ஓடும், டாக்கிலிருந்து உருவினால் கையிலும் ஓடும், பார்த்தவுடனே விளங்கியது.

"பிஎஸ்4 ஜெயித்தது ஸ்பைடர்மேனாலும் காட் ஆஃப் வாராலும்தானே?" என்று கேட்கலாம். அவை இரண்டும் வந்தது 2018இல். 2013இல் கினெக்ட் கேமராவோடு எக்ஸ்பாக்ஸ் ஒன் 499 டாலருக்கும், பிஎஸ்4 399 டாலருக்கும் கடைக்கு வந்தபோதே போட்டி ஒரு பக்கம் சாயத் தொடங்கிவிட்டது. அப்படியானால் பிரத்யேக கேம்கள் வீணா? இல்லை. விலையும் வடிவமும் ஆளை உள்ளே கொண்டுவரும். நல்ல கேம்கள் அவரை வெளியே போகவிடாது. ஆள் வருவதே குறைந்துவிட்டால் கேமைப் பூட்டி வைத்து லாபமில்லை. எக்ஸ்பாக்ஸை விற்கும் மைக்ரோசாஃப்ட் 2025இல் தன் ஃபோர்சா ஹொரைசன் 5 கேமை பிஎஸ்5க்கும் கொடுத்ததை நான் அப்படித்தான் பார்க்கிறேன். அடுத்த கன்சோல் அறிவிப்பு வரும்போது, கேம் பட்டியலுக்கு முன்னால் விலையைப் பாருங்கள்.