உப்பு ஜாடி

ஸ்னோமொபைல் பார்த்திருக்கிறீர்களா? ஸ்கூட்டரின் முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு இரண்டு சறுக்குக் கட்டைகளை மாட்டி, பின்சக்கரத்துக்குப் பதில் அகலமான ரப்பர் பெல்ட்டைச் சுற்றினால் ஏறக்குறைய அதுதான். எஞ்சினுக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி. ஹூட் என்பார்கள்.

2023 பிப்ரவரியில் கனடாவின் சட்பரி பக்கம் வசிக்கும் என் பி.காம். வகுப்புத் தோழன் வீட்டுக்குப் போயிருந்தேன். கராஜில் அப்படி ஒரு வண்டி. 1970-களில் செய்தது. மஞ்சள் ஹூட்டில் ஒரு முழ நீளத்துக்கு விரிசல். வெளியே மைனஸ் இருபது டிகிரி. அந்தக் குளிரில் பழைய பிளாஸ்டிக்கும் அப்பளமும் ஒன்று. பதினெட்டு வயது மகள் சொல்லாமல் எடுத்துப்போய் மரத்தில் மோதியிருக்கிறாள். பத்து நாளாக அப்பாவும் பெண்ணும் பேசவில்லை. சாப்பாட்டு மேஜையில் உப்பு ஜாடிகூட என் வழியாகத்தான் போய்வந்தது.

“டேய், தேய்மானம் போக இதன் மதிப்பு பூஜ்யம். இதுக்கா இவ்வளவு கோபம்?” என்றேன். காமர்ஸ் புத்தி!

அன்றிரவுதான் சொன்னான். 2005 ஜனவரி. மனைவிக்கு இடுப்பு வலி எடுத்துவிட்டது. சாலையைப் பனி மூடிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெரியவர் இந்த வண்டியின் பின்னால் ஸ்லெட்டைக் கட்டி, அவளைக் கம்பளியில் சுற்றிப் படுக்கவைத்து, ஆம்புலன்ஸ் நின்ற மெயின் ரோடு வரை இழுத்துப்போனார். அன்று பிறந்தவள்தான் இவள். பெரியவர் ஊரைவிட்டுப் போகும்போது வண்டியை இவனிடமே கொடுத்துவிட்டார்.

ஜோசப் ஆர்மண்ட் பம்பார்டியர் என்ற கியூபெக் மெக்கானிக்கை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். 1934 குளிர்காலத்தில், பனியைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாமல் இரண்டு வயது மகனைப் பறிகொடுத்தவர். பனியில் ஓடும் வண்டிகளுக்காகவே உழைத்தார். 1959-ல் ஸ்கி-டூ வந்தது. விளையாட்டுச் சாமான் போலத் தெரிகிற வண்டிதான்!

“பொண்ணுக்கு இது தெரியுமா?” என்றேன். “சொன்னதில்லை” என்றான்.

காலையில் நானே அவளிடம் சொன்னேன். எதுவும் பேசாமல் மாடிக்குப் போனவள், சின்ன வயதில் விளையாடிய லெகோ டப்பாவோடு இறங்கி வந்தாள். லெகோ கட்டைகள் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக். ஹூட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு அசிட்டோன் வைத்துப் பார்த்தாள். பிசுபிசுத்தது. அதுவும் ஏ.பி.எஸ். பாலிஎதிலீனாக இருந்தால் அசிட்டோன் ஒன்றும் செய்யாது. மஞ்சள் கட்டைகளைக் கண்ணாடி பாட்டிலில் போட்டு அசிட்டோன் ஊற்றி மூடிவைத்தாள். மறுநாள் தோசை மாவுப் பதம்.

நண்பன் கராஜைச் சூடாக்கி, பிறகு ஹீட்டரை அணைத்தான். அசிட்டோன் ஆவி தீப்பிடிக்கும். கதவையும் கொஞ்சம் திறந்துவைத்தான். டிரில்லை எடுத்து விரிசலின் நுனியில் ஓட்டை போட்டான்.

“உடைஞ்சதுல ஏன்ப்பா ஓட்டை வேற?” மகள்தான் கேட்டாள்.

“விரிசல் கூரான நுனியிலதான் ஓடும்மா. அதை வட்டமாக்கிட்டா அங்கேயே நின்னுடும்.”

பத்து நாளில் முதல் பேச்சு. உள்பக்கம் விரிசலை ஒட்டிப் பள்ளம் கீறி, கூழை நிரப்பி, கண்ணாடி இழைத் துணியை ஒட்டினார்கள். காய்ந்தபின் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்கள். நிறம் சரியாகச் சேரவில்லை. இருவருமே அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

“அடுத்த தடவை சொல்லிட்டு எடு” என்றான்.

அன்றிரவு உப்பு ஜாடி என் கைக்கு வராமலே மேஜையைத் தாண்டியது.