அடி காணாத் துளை

கனசதுரம் ஒன்றை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். அதன் ஒவ்வொரு விளிம்பையும் மூன்றாகப் பகுத்தால் 27 சிறு கனசதுரங்கள் கிடைக்கும். முகங்களின் நடுவில் உள்ளவை ஆறு. உள்ளே நட்டநடுவில் ஒளிந்திருப்பது ஒன்று. இவ்வேழையும் அகற்றிவிடுங்கள். எஞ்சிய இருபதையும் தனித்தனியே அவ்வாறே துளையிட்டால் 400 கிடைக்கும். மீண்டும் செய்தால் 8,000. முடிவின்றி இப்படியே செய்துகொண்டு போனால் தோன்றும் உருவத்திற்கு 'மெங்கர் கடற்பஞ்சு' என்று பெயர். ஆஸ்திரியக் கணித அறிஞர் கார்ல் மெங்கர் 1926இல் இதனை விளக்கினார். சிறு பகுதியை எடுத்துப் பார்த்தாலும் முழுமையின் சாயலே தெரிகின்ற இத்தகைய உருவங்களுக்கு ஃபிராக்டல் என்னும் பெயரைச் சூட்டியவர் மாண்டல்பிராட், ஆண்டு 1975.

தமிழாசிரியருக்குக் கடற்பஞ்சில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஜபல்பூரில் நான் பணியாற்றியபோது, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி இவ்வுருவத்தைக் கணினியில் வரைந்து, அதன் துளைகளுக்குள் பறந்து செல்வதுபோல் காட்டுவாள். வீட்டில் தாய் தமிழில் கேட்பார். அவள் இந்தியில் விடை சொல்வாள். நெல்லையில் இருந்த ஆச்சியோ தமிழ் மட்டுமே அறிந்தவர். "நாள் முழுக்க அந்தப் பெட்டிக்கு முன்னால் என்னதான் செய்கிறாய்?" என்று அவர் தொலைபேசியில் கேட்டார். 'சாப்பிட்டேன்', 'தூங்கினேன்' என்பவற்றுக்கு அப்பால் பேத்தியிடம் தமிழ் இல்லை. பேச்சு அத்துடன் நின்றது.

"ஆச்சிக்கு இதைச் சொல்ல வேண்டும், ஐயா" என்று என்னிடம் வந்தாள். பொருளை அவள் எனக்கு உணர்த்தினாள். சொற்களை இருவரும் தேடினோம்.

கணினிக்குள் கனசதுரம் எதுவுமே இல்லை என்று அவள் சொன்னபோது நான் நம்பவில்லை. ஐந்து முறை துளையிட்டாலே 32 லட்சம் கனசதுரங்கள் ஆகிவிடும். அவற்றுள் ஒன்றுகூடச் சேமிக்கப்படவில்லை. இருப்பது ஷேடர் எனப்படும் சிறு நிரல் ஒன்றே. 'இவ்விடத்திலிருந்து உருவத்தின் மிக அருகிலுள்ள பகுதி எவ்வளவு தூரம்?' என்று கேட்டால் அது விடை தரும். அத்தனை கனசதுரங்களையும் அது அளப்பதில்லை. தாளை இருமுறை மடித்து ஓரிடத்தில் துளையிட்டால், விரிக்கும்போது நான்கு துளைகள் தெரியும் அல்லவா? அதுபோல ஷேடரும் வெளியை மடித்து மடித்து ஒரு மூலையில் மட்டும் கணக்கிடுகிறது.

இனி, இருட்டறையில் நிற்பதாக எண்ணுங்கள். 'எத்திசையிலும் மூன்று முழத்திற்குள் எதுவும் இல்லை' என்று ஒருவர் சொன்னால், மூன்று முழம் அஞ்சாமல் நடக்கலாம். மீண்டும் கேட்க வேண்டும். மீண்டும் நடக்க வேண்டும். சுவரை நெருங்க நெருங்க அடிகள் குறுகும். தூரம் மயிரிழையானால் சுவரைத் தொட்டதாகப் பொருள். நெடுந்தொலைவு நடந்தும் எதுவும் தட்டுப்படாவிட்டால் அது வெட்டவெளி. திரையின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒரு கதிர் இவ்வாறே நடக்கிறது. முப்பரிமாண ஃபிராக்டல்களை இவ்வகையில் வரையும் வழியை 1989இல் ஜான் ஹார்ட், டேனியல் சாண்டின், லூயி காஃப்மன் ஆகிய மூவரும் வெளியிட்டனர்.

1920க்கு 1080 என்னும் அளவுள்ள திரையில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. நொடிக்கு 60 படங்கள் என்றால், 12 கோடிக்கும் மேற்பட்ட கதிர்கள் நடக்க வேண்டும். ஒரு புள்ளியின் கணக்கு அடுத்த புள்ளியின் விடைக்காகக் காத்திருப்பதில்லை. ஆகவே, ஒரே வேலையைப் பக்கம் பக்கமாக இருந்து செய்யும் நூற்றுக்கணக்கான சிறு கணிப்பிகளைக் கொண்ட வரைகலைச் செயலியிடம் இவ்வேலை ஒப்படைக்கப்படுகிறது. இடுக்குகளை ஒட்டிச் செல்லும் கதிர்களுக்கு அடிகள் மிகும். அவ்வாறு மிகுந்த புள்ளிகளைச் சற்றே கருமையாக்கினால், தனியே கணக்கிடாமலேயே நிழல் போன்ற தோற்றம் கிடைத்துவிடும். எனக்கு மிகவும் பிடித்தது இந்தச் சிக்கனந்தான்.

சொல்தேர்வில் நான் ஒன்றைக் குறுக்கிட்டுத் திருத்தவில்லை. பாடநூலில் 'தொலைவு' என்று இருக்கும். அவளுக்கு வந்தது 'தூரம்'. ஆச்சியின் வாயிலும் அச்சொல்லே இருந்தது. 'படப்புள்ளி', 'கதிர்' என்பவற்றை ஏற்றுக்கொண்டாள். ஷேடரை ஷேடர் என்றே விட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஆச்சியுடன் பேசினாள். இருட்டறைக் கதையைச் சொன்னாள். இடையிடையே இந்தியும் வந்ததாம். முழுவதும் கேட்டபின் ஆச்சி வினவினார்: "அப்படியானால், உள்ளே போய்க்கொண்டே இருந்தால் அடி எப்போது வரும், தாயி?"

"அடியே கிடையாது, ஆச்சி. ஆனால் என் ஷேடருக்கு ஏழு இலக்கம் வரைதான் சரியாக எண்ணத் தெரியும். அதற்கும் கீழே போனால் படம் மணல் மணலாக உதிர்ந்துவிடும்."

"உதிருமா? அடுத்த முறை ஊருக்கு வரும்போது அதையும் காட்டு" என்றாராம் ஆச்சி.